கிறவல் வீதியிலும் வியாபாரம் உண்டு

ஓர் ஊர் முன்னேறிவிட்டது என்பதற்கு நாம் காட்டும் முதல் அடையாளம் காபட் வீதிதான். தேர்தல் காலத்தில் கிடைக்கும் வாக்குறுதிகளிலும் அதற்கே முதலிடம். நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவும், நெல்லை ஆலைக்கு ஏற்றவும், பிள்ளைகள் பாடசாலை செல்லவும் நல்ல வீதி அவசியம். அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. ஆனால் எல்லா வீதிகளையும் காபட் போட்டு முடித்துவிட்ட நாடுகளில், இன்று மக்கள் விடுமுறை எடுத்து, பணம் செலவழித்து, எஞ்சியிருக்கும் கிறவல் வீதிகளைத் தேடிப் போகிறார்கள். அதுவும் சைக்கிளில்!

சைக்கிள் உதிரிப்பாக வியாபாரத்தில் இருப்பவன் என்ற வகையில் இந்த மாற்றத்தைச் சில ஆண்டுகளாக அவதானித்து வருகிறேன். இதனால் யாருக்கு வருமானம் கிடைக்கிறது, கடற்கரையையோ காட்டையோ ஒட்டிய ஊர்களில் கடை வைத்திருக்கும் நமது சகோதரர்களுக்கு இதில் ஏதும் இருக்கிறதா என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

கிறவல் சைக்கிள் என்றால் என்ன?

பார்வைக்கு அது கீழ்நோக்கி வளைந்த கைப்பிடியுடைய பந்தய சைக்கிளைப் போலவே இருக்கும். வித்தியாசம் டயரில் இருக்கிறது. பந்தய சைக்கிளின் டயர் 25 முதல் 32 மில்லிமீற்றர் வரை அகலமானது. கிறவல் சைக்கிளின் டயர் 35 முதல் 50 மில்லிமீற்றர் வரை அகலமானது. காற்றையும் குறைவாகவே அடிப்பார்கள். எனவே கல்லும் மணலும் கலந்த பாதையில் அது துள்ளாமல் ஓடும். ஏற்றத்துக்கு இலகுவான கியர்கள், ஈரத்திலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக், பைகளைப் பூட்டுவதற்கான துளைகள் ஆகியனவும் இருக்கும். மலையேறும் சைக்கிளை விட இது வேகமானது. பந்தய சைக்கிள் போக முடியாத இடத்துக்கும் போகக்கூடியது.

இந்தப் பழக்கம் அமெரிக்காவின் மத்திய மாநிலங்களில் வலுப்பெற்றது. கன்சாஸ் மாநிலத்தின் எம்போரியா என்ற சிறு நகரில் 2006ஆம் ஆண்டு 34 பேருடன் ஒரு கிறவல் வீதிப் போட்டி தொடங்கியது. இன்று அதில் ஆயிரக்கணக்கானோர் பங்குபற்றுகின்றனர். சர்வதேச சைக்கிளோட்டச் சம்மேளனம் 2022இல் இத்தாலியில் முதலாவது கிறவல் உலகச் சம்பியன் போட்டியை நடத்தியது. எனினும் நமக்கு முக்கியமானவர்கள் போட்டியாளர்கள் அல்லர். நாலைந்து நாள் விடுமுறையில், சைக்கிளில் இரண்டு பைகளைக் கட்டிக்கொண்டு, மெதுவாக ஊர் பார்க்க வரும் சாதாரண மனிதர்களே.

நோர்போக் மாவட்டத்தின் கதை

இதனை விளங்கிக்கொள்ள இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள நோர்போக்கை எடுத்துக்கொள்வோம். தட்டையான விவசாய நிலம், நீண்ட கடற்கரை, சதுப்பு நிலம், உட்பகுதியில் பெரியதொரு பைன் மரக்காடு என்பனவே அதன் அமைப்பு. மாவட்டத்தின் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து 103 மீற்றர் உயரம்தான். கோடை காலத்தில், குறிப்பாக ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில், கடற்கரை ஊர்களில் கால் வைக்க இடமிருக்காது. குளிர் தொடங்கினால் அதே ஊர்களில் விடுதி அறைகள் காலியாகிவிடும். சிற்றுண்டிக் கடைகள் பாதி நேரமே திறந்திருக்கும். பருவத்தை நம்பி வாழும் எந்த ஊருக்கும் உள்ள நோய்தான் இது.

இதற்கு மருந்து தேடி பிரான்சிலும் இங்கிலாந்திலும் உள்ள ஆறு பிரதேசங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் ஒரு திட்டத்தில் ஒன்றிணைந்தன. ஒக்டோபர் முதல் மார்ச் வரையிலான காலத்தில் உல்லாசப் பயணிகளை வரவழைப்பதே அத்திட்டத்தின் நோக்கம். அதன் ஒரு பகுதியாக, 1878இல் ஆரம்பிக்கப்பட்ட பழைய சைக்கிள் சங்கமான 'சைக்கிளிங் யூ.கே.' சில நெடுந்தூரப் பாதைகளை வகுத்தது. 2021இல் கோர்ன்வோல் பகுதியில் ஒன்றும், 2022இல் கென்ட், நோர்போக் பகுதிகளில் ஒவ்வொன்றும் அறிமுகமாகின.

நோர்போக் பாதைக்கு 'ரெபெலியன் வே', அதாவது கிளர்ச்சிப் பாதை என்று பெயர். ரோமர்களை எதிர்த்த அரசி பூடிக்காவும், 1549இல் பொதுநிலங்களுக்கு வேலி அடைத்ததை எதிர்த்து எழுந்த ரொபர்ட் கெட் என்பவரும் அந்த மண்ணைச் சேர்ந்தவர்கள் என்பதால் வந்த பெயர் அது. நோரிச் நகரில் தொடங்கி அங்கேயே முடியும் இந்த வட்டப் பாதையின் நீளம் 373 கிலோ மீற்றர். தெட்போர்ட் காடு, கிங்ஸ் லின் துறைமுக நகர், வடக்குக் கடற்கரை எனச் சுற்றி வருகிறது.

இதில் வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. இந்தப் பாதைக்காகப் பெரிதாக எதையும் கட்டவில்லை. தெட்போர்ட் காடு, முதலாம் உலகப் போரில் மரத்தட்டுப்பாட்டை அனுபவித்த அரசு 1920களில் மரத் தேவைக்காக நட்ட காடு. அங்குள்ள கிறவல் வழிகள் மர லொறிகளுக்காகப் போடப்பட்டவை. அதே மாவட்டத்தில் ரோமர் காலத்து வீதியொன்று இன்று நடைப்பயணிகளுக்கும் குதிரைகளுக்கும் சைக்கிள்களுக்கும் பயன்படுகிறது. கைவிடப்பட்ட ரயில் பாதையொன்று சைக்கிள் பாதையாகியிருக்கிறது. ஆக, இருந்த வழிகளை ஒன்றோடொன்று தொடுத்து, பெயர் வைத்து, வரைபடமாக்கி, தொலைபேசியில் இறக்கிக்கொள்ளக் கொடுத்ததுதான் பிரதான வேலை. இத்தகைய பாதைகளில் பெரும்பாலும் தனியான அறிவிப்புப் பலகைகள்கூட இருப்பதில்லை. பயணி தனது தொலைபேசியைப் பார்த்தே திரும்புகிறார்.

சட்டமும் இதற்குத் துணையாக நின்றது. இங்கிலாந்தில் குதிரைப் பாதைகளில் சைக்கிளோட்டும் உரிமை 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்தது. நடந்து செல்பவருக்கும் குதிரையில் செல்பவருக்கும் வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் நடைபாதைகளில் அந்த உரிமை இல்லை. அதனால் கடலோரமாக அழகான நடைபாதை இருந்தாலும், சைக்கிள்காரர் பல இடங்களில் உள்ளே விலகி, சிறிய கிராம வீதிகளால் சுற்றித்தான் போக வேண்டும். இதனால் நன்மை அடைந்தது யார்? கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கும் கிராமத்துக் கடைக்காரர்தான்!

பணம் எங்கே போகிறது?

காரில் வரும் உல்லாசப் பயணியையும் சைக்கிளில் வருபவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காரில் வருபவர் தண்ணீர்ப் போத்தலில் இருந்து பிஸ்கட் வரை நகரத்துப் பெரிய கடையில் வாங்கி டிக்கியில் அடுக்கிக்கொண்டு வருகிறார். இடையிலுள்ள கிராமம் அவருக்குக் கண்ணாடிக்கு வெளியே ஓடும் காட்சி மட்டுமே. சைக்கிளில் வருபவர் சுமப்பது ஏழெட்டுக் கிலோ. அதில் பெரும்பகுதி உடுப்பும் கருவிகளும்தான். வெயிலில் ஒரு மணி நேரம் மிதித்தால் அரை லீற்றருக்கு மேல் தண்ணீர் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எதையாவது சாப்பிட வேண்டும். ஆகவே பத்து, பதினைந்து கிலோ மீற்றருக்கு ஒரு முறை அவர் கடை தேடுகிறார்.

கரடான பாதையில் ஒரு நாளைக்கு 60, 70 கிலோ மீற்றர்தான் சுகமாகப் போகலாம். எனவே 373 கிலோ மீற்றர் பாதைக்கு ஐந்து இரவாவது தங்க வேண்டும். ஐந்தும் ஐந்து வெவ்வேறு ஊர்களில். காரில் வந்தால் அரை நாளில் கடந்துவிடும் தூரம் இது. வேகம் குறையக் குறைய வழியோரக் கடைக்காரருக்கு வாய்ப்புக் கூடுகிறது.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. வடக்கிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை செல்லும் இந்துச் சகோதரர்கள் ஆண்டுதோறும் பொத்துவில், பாணமை, உகந்தை வழியாகச் செல்கிறார்கள். நடந்து செல்பவர் எதை வாங்குவார், எவ்வளவு வாங்குவார், எங்கே நிழல் தேடுவார் என்பதை அந்த வழியில் கடை வைத்திருப்பவர்கள் நன்கறிவர்.

மற்றொரு விடயத்தையும் குறிப்பிட வேண்டும். உல்லாசத்துறை என்றதும் நம்மில் பலர் ஒதுங்குவதற்குக் காரணம் மதுபானம். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் பகல் முழுதும் சைக்கிள் மிதிப்பவர் வழியில் தேடுவது தண்ணீர், தேநீர், இளநீர், வாழைப்பழம், ரொட்டி, சோறு, நிழல், கழிப்பறை, ஒரு டியூப், இரவில் சுத்தமான படுக்கை ஆகியவற்றையே. இவற்றில் ஹலால் இல்லாதது எதுவும் இல்லை. மார்க்கத்தோடு முரண்படாமல் உல்லாசப் பயணியிடம் வியாபாரம் செய்வதற்கு இதை விட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கம் என்ன இருக்கிறது?

நோர்போக்கை இங்கே அப்படியே கொண்டுவந்து வைக்க முடியாது. ஆனால் பருவத்தை மட்டும் நம்பி நிற்கும் நோய் நமக்கும் உண்டு. அறுகம்பையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ மே முதல் ஒக்டோபர் வரை கடலலைச் சறுக்கலுக்கு வருவோரால் கலகலப்பு, பிறகு மழை, மழை ஓய்ந்த பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வெயில் நன்றாக இருந்தும் அலை இல்லாததால் ஆளில்லை. போதாததற்கு 2019 ஏப்ரல் தாக்குதல், 2020 கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி, 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் விடுத்த எச்சரிக்கை என்று அடி மேல் அடி. ஒரே கடற்கரை, ஒரே பருவம், ஒரே வகை வாடிக்கையாளர் என்று இருந்தால் ஒரு செய்தியே முழு வருமானத்தையும் நிறுத்திவிடும். வியாபாரத்தில் சரக்கைப் பலவகைப்படுத்தும் நாம், வாடிக்கையாளரையும் பலவகைப்படுத்த வேண்டாமா?

சைக்கிளுக்கு அலை தேவையில்லை. காய்ந்த பாதையும் பார்க்க இடமும் போதும். அம்பாறை மாவட்டத்தில் கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால் ஓரங்களிலும் குளக்கட்டுகளிலும் வயல்களுக்கு நடுவிலும் எத்தனை கிறவல் வழிகள் உள்ளன! பாணமைக்கு அப்பால் உகந்தை நோக்கிச் செல்லும் வழி கடலும் பற்றைக்காடும் மாறி மாறி வரும் வழி. புத்தளம், கற்பிட்டி பக்கம் களப்பும் உப்பளமும் தென்னந்தோப்பும் உண்டு. மலையகத்தில் பழைய தேயிலைத் தோட்டப் பாதைகளைத் தொடுத்து, 22 கட்டங்களாக, 300 கிலோ மீற்றருக்கும் மேற்பட்ட 'பீகோ ட்ரெயில்' என்ற நடைப்பாதை உருவாகியிருக்கிறது. இருக்கும் வழியைத் தொடுத்துப் பெயர் வைக்கும் வேலை நம் நாட்டிலும் நடக்கும் என்பதற்கு அது சான்று.

கடையில் என்ன இருக்க வேண்டும்?

பெரிய முதலீடு வேண்டாம். முதலில் டியூப்பைப் பற்றிச் சொல்கிறேன். நம்மூர்ப் பெரிய சைக்கிளின் 28 × 1½ டயர் 635 மில்லிமீற்றர் ரிம்முக்கு உரியது. கிறவல் சைக்கிளின் 700 சீ டயர் 622 மில்லிமீற்றர் ரிம்முக்கு உரியது. ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. அத்துடன் அவர்களுடைய வால்வு மெல்லியது; 'பிரெஸ்டா' என்பார்கள். ரிம்மின் துளையும் அதற்கேற்பச் சிறியது என்பதால் நமது தடித்த வால்வு அதில் நுழையாது. நமது பம்மின் வாயும் அதற்குப் பொருந்தாது. வெளிநாட்டவர் ஒருவர் ஒரு டியூப்புக்காக மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் சைக்கிளை பஸ்ஸில் ஏற்றிக் கொழும்புக்குப் போனதை நான் கண்டிருக்கிறேன். அன்றிரவு அவர் தங்கியிருக்க வேண்டிய விடுதிக்கும் சாப்பிட்டிருக்க வேண்டிய ஹோட்டலுக்கும் அது நட்டம்தானே?

எனவே ஊருக்கு ஒரு சைக்கிள் கடையிலாவது பின்வருவன இருந்தால் போதும். 700 × 35–45 அளவில் பிரெஸ்டா வால்வு டியூப் நாலைந்து, பிரெஸ்டா வால்வை சாதாரண பம்முக்குப் பொருத்தும் சிறிய பித்தளை மூடி ஒன்றிரண்டு, பஞ்சர் ஒட்டும் பொருட்கள், 11, 12 கியர் செயினுக்கான இணைப்புத் துண்டு, செயின் எண்ணெய். டியூப் இல்லாத டயரும் இப்போது பரவலாக உண்டு. அது கிழிந்தால் உள்ளே ஒரு டியூப்பைப் போட்டு அனுப்பிவிடலாம். டிஸ்க் பிரேக் பட்டைகள் பல வடிவங்களில் வருவதால் அவற்றை வாங்கிக் குவிக்க வேண்டாம். சரக்கு முடங்கும்.

விடுதி வைத்திருப்போருக்கும் செலவு குறைவு. இங்கிலாந்தில் சைக்கிளோட்டிகளை வரவேற்கும் விடுதி என்ற அங்கீகாரம் பெறுவதற்குக் கேட்கப்படுபவை எளியவை. சைக்கிளைப் பூட்டி வைக்க ஓர் அறை, நனைந்த உடுப்பைக் காய வைக்க ஓர் இடம், அதிகாலையில் சாப்பாடு அல்லது கட்டிக்கொடுக்கும் சாப்பாடு, அருகிலுள்ள சைக்கிள் கடை பற்றிய தகவல். நாம் இதனுடன் சைக்கிள் கழுவ ஒரு தண்ணீர்க் குழாயையும் சேர்க்கலாம்.

திறந்திருக்கும் நேரத்தை எழுதி ஒட்டுவது மிக முக்கியம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகக் கடை மூடுவதையும், ரமழானில் பகலில் ஹோட்டல் மூடியிருப்பதையும் வெளியூர்க்காரர் அறியமாட்டார். வெறும் போத்தலுடன் வந்து மூடிய கதவைக் காண்பவர் அடுத்தவருக்கு அதையே சொல்வார். "வெள்ளி 12 முதல் 2 வரை மூடப்படும்" என்று ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினால், ரமழானில் தண்ணீர் மட்டுமாவது எங்கே கிடைக்கும் என்று குறித்தால் அவர் திட்டமிட்டுக்கொள்வார். பள்ளிவாசல் அருகே எவ்வாறு உடுத்து வர வேண்டும் என்பதையும் மரியாதையாக எழுதி வைக்கலாம். சொன்னால் பெரும்பாலானோர் மதிப்பார்கள்.

விலையும் அப்படித்தான். உள்ளூர்க்காரருக்கு ஒன்று, வெள்ளைக்காரருக்கு ஒன்று என்று இரண்டு விலை வேண்டாம். இன்று ஓர் இளநீருக்கு இரட்டிப்பு விலை வாங்கினால் அன்றிரவே அது தொலைபேசி மூலம் உலகம் முழுவதும் போய்விடும். அளவிலும் விலையிலும் நேர்மை என்பது நமது மார்க்கக் கடமை. இத்துறையில் அதுவே விளம்பரமும் ஆகும்.

அவசரப்பட வேண்டாம்

ஆசை காட்டிவிட்டுப் போவது எனது நோக்கம் அல்ல. ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு பயணி உங்கள் கடையில் 800 ரூபாவுக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்குப் பத்துப் பேர் வந்தால் 90 நாளில் 720,000 ரூபா. ஆனால் பத்துப் பேர் எடுத்த எடுப்பில் வரமாட்டார்கள். மூன்று பேர் என்றால் 216,000 ரூபா. அதுவும் விற்பனைதான், இலாபம் அல்ல. எனவே இதற்கென்று கடன் வாங்கிப் புதிய கட்டடம் எழுப்புவது புத்திசாலித்தனம் அல்ல. வட்டிக் கடன் என்றால் சொல்லவே வேண்டாம். ஏற்கனவே நடக்கும் கடைக்குச் சேரும் மேலதிக வருமானமாகவே இதைப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு விடயத்தில் விளையாடக்கூடாது. நோர்போக் காட்டில் யானை இல்லை. நம் காட்டில் உண்டு. குமண, வில்பத்து போன்ற தேசிய பூங்காக்களுக்குள் சைக்கிளில் செல்ல அனுமதி இல்லை. பூங்காவுக்கு வெளியேயும் காலை வெளுத்த பிறகு புறப்பட்டு, மாலை நான்கு மணிக்கு முன் ஊருக்குள் வந்துவிடும்படி பயணியிடம் சொல்வது கடைக்காரரின் பொறுப்பு. எந்த வாய்க்கால் கட்டில் நேற்று யானை நின்றது என்பதை எந்த வரைபடமும் சொல்லாது. நமது விவசாயிகள் சொல்வார்கள். தனியார் காணிக்குள்ளால் போகும் வழியென்றால் காணிக்காரரின் சம்மதம் வேண்டும். வாய்க்கால் வீதியென்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும், காட்டு வழியென்றால் வனப் பாதுகாப்பு, வனஜீவராசிகள் திணைக்களங்களிடமும் முன்கூட்டியே கேட்டுத் தெளிவாகிக்கொள்ள வேண்டும்.

இதனைத் தனியொரு கடைக்காரரால் செய்ய முடியாது. ஊரின் வர்த்தக சங்கம் முன்வர வேண்டும். ஊரிலுள்ள ஆறேழு இளைஞர்கள் தங்கள் சைக்கிள்களில் ஒரு நாள் போய்வரக்கூடிய 40 கிலோ மீற்றர் வட்டப் பாதை ஒன்றை ஓட்டிப் பார்க்கட்டும். தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, சைக்கிள் கடை, வைத்தியசாலை எங்கெங்கே என்று குறிக்கட்டும். பக்கத்துத் தமிழ், சிங்களக் கிராமங்களின் கடைகளையும் அதில் சேர்க்க வேண்டும். பாதை ஓர் ஊரோடு முடிவதில்லை. வருமானமும் அப்படித்தான் பகிரப்பட வேண்டும். அடுத்த ஊர்க் கடைக்காரரும் இதில் பங்காளி என்றால் பாதையைப் பாதுகாக்க நால்வர் கூடுதலாகக் கிடைப்பார்கள்.

வரும் பெப்ரவரியில் மழை ஓய்ந்ததும் இத்தகைய ஒரு பாதையையாவது ஓட்டிப் பார்க்கலாம். செலவு சில டியூப்களும் ஓர் அறிவிப்புப் பலகையும் ஒரு நாள் உழைப்பும்தான். அது பலன் தராவிட்டாலும் அந்த டியூப்கள் கடையில் கிடக்கும், விலைப்படும். பலன் தந்தால், பருவம் முடிந்ததும் பூட்டுப் போடும் கடைகளில் சிலவாவது திறந்திருக்கும். முயற்சி நம்முடையது, பரக்கத்தை அல்லாஹ் தருவான், இன்ஷா அல்லாஹ்.